கல்லை நெம்புவோரும் கொழுந்து கொய்வோரும்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், கெஹெல்கமு ஓயாவின் இருமருங்கும் எழுந்து நிற்கும் தேயிலை மலைகளுக்கிடையே, புனித மரியாள் தேவாலயம் என்னும் சிறிய ஆங்கிலத் திருச்சபைக் கோயில் ஒன்று உண்டு. அதன் முற்றத்திலே உறங்குவோருள் ஒருவர் ஜூலியா மார்கரட் கமரன். 1815ஆம் ஆண்டில் கல்கத்தாவிற் பிறந்து, தமது நாற்பத்தெட்டாவது வயதில் மகள் பரிசளித்த புகைப்படக் கருவியைக் கையில் எடுத்து, டார்வின், கார்லைல், டென்னிசன், ஹெர்ஷல் ஆகியோரின் முகங்களை உலகம் மறவாதபடி பதித்து வைத்த அம்மையார் அவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் மலைநாட்டுத் தோட்டமொன்றில் மறைந்தார். அடுத்த ஆண்டு மறைந்த கணவரும் அவருக்கருகிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.

கணவர் யார்? இலங்கை வரலாற்றைப் பள்ளியிற் பயின்ற மாணவர் எவரும் அறிந்த பெயர்தான். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் சார்ல்ஸ் ஹே கமரனே அவர். அந்த ஆணைக்குழுவின் வேலையின் விளைவாகவே 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் இத்தீவில் ஒழிக்கப்பட்டது. மன்னனுக்காகச் செய்யும் கூலியற்ற வேலை ஒழிந்த அதே காலத்தில்தான், கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கூலிகள் கூட்டங் கூட்டமாக அழைத்து வரப்பட்டனர். கட்டாய ஊழியத்தின் ஒழிப்புக்கு வழிவகுத்த ஆணைக்குழுவில் பணியாற்றிய கை, பின்னர் தோட்டங்களுக்கு உரிமை பூண்ட கையாகவும் இருந்தது. வரலாறு இத்தகைய முரண்பாடுகளை மறைப்பதில்லை, மறைப்பவர்கள் நாமே.

கமரன் அம்மையார் இலங்கையிலும் படம் எடுத்தார். அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவே. அவற்றிலே நம் மக்களும் நம் அயலாரும் இருக்கின்றனர்: கூலிப் பெண்கள், கிராமத்தார், சிறுவர், முதியவர். முகங்கள் தெளிவானவை, கண்கள் நம்மை நேராக நோக்குபவை. ஆனால் பெயர்கள் இல்லை. இங்கிலாந்தில் அவர் மரியன்னையாக வேடமிட்டு நிறுத்திய வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரின் பெயரைக் கலை வரலாறு அறியும். இலங்கையில் அவர் முன் நின்ற பெண்ணோ வெறும் 'பெண்'; கூட்டமாக நின்றவர்கள் வெறும் 'குடியானவர்கள்'. உருவத்தை எடுத்துக் கொண்டு பெயரை விட்டுவிடுவது என்னும் இந்த வழக்கத்திலிருந்தே நாம் நமது விசாரணையைத் தொடங்குகிறோம். உயிரோட்டமுள்ள உருவம் என்று கலை உலகம் புகழ்கிறதே, அந்த உயிர் யாருடையது? உழைப்பவனின் உடல் எப்போது, எவ்வாறு, யாருடைய கையால் சிலையாயிற்று? அவ்வாறு சிலையான வரிசையில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கு இடம் உண்டா?

*

உழைப்பவனைச் சிற்பத்தில் வடிப்பது ஐரோப்பியர் நமக்குக் கற்றுத் தந்த பாடம் என்று எண்ணுவார் உண்டு. அது தவறு. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில், ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி பாறையில் செதுக்கிய காட்சியைப் பாருங்கள். கண்ணன் மலையை ஏந்தி நிற்கிறான் என்பது கதை. ஆனால் சிற்பியின் உள்ளம் தோய்ந்திருப்பது அருகே ஓர் ஆயன் பால் கறக்கும் காட்சியிலே. கறவைப் பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது. தோளிற் கோடரியோடு ஒருவன் போகிறான். தலையிற் சுமையோடு ஒருத்தி வருகிறாள். சுமை ஏறிய கழுத்து எவ்வாறு விறைக்கும், இடுப்பு எவ்வாறு ஒருபுறம் சாயும் என்பதை அறிந்த கண் அது. நடுகல் மரபோ அதற்கும் முந்தியது. ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு ஊரார் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதில் பொறித்தனர். உருவமும் பெயரும் சேர்ந்தே நினைவாகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இந்த மரபு இடையிலே அறுபட்டது. கோயிலிலே தெய்வமும் மன்னனும் நின்றனர், கறவைக்காரன் மறைந்தான். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். அவர்களோடு வந்தது வீதிச் சிலை. சென்னையில் தாமஸ் மன்றோ குதிரையேறி நிற்கும் சிலை 1839இல் நிறுவப்பட்டது. வடித்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. 1857 எழுச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமைகள் இழைத்த கர்னல் நீலுக்கும் மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது. அந்தச் சிலையை அகற்றக் கோரி 1927இல் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1937இல், காங்கிரஸ் மந்திரி சபைக் காலத்தில்தான் அது வீதியை விட்டு அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. சிலை வெறும் உலோகம் அன்று. ஒரு வீதியின் மேல் யாருக்கு ஆட்சி என்பதை நாள்தோறும் சொல்லும் வாய் அது. இதைத் தமிழ் மக்கள் கலைக் கல்லூரியில் கற்கவில்லை, போராட்டத்தில் கற்றனர்.

*

இந்தப் பின்னணியிலே நாம் காண வேண்டிய மனிதர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல், இன்று வங்காளதேசத்திலுள்ள ரங்பூரைச் சேர்ந்த தாஜ்ஹாட்டில் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். சிற்பத்திலே ஐரோப்பிய முறையைக் கற்றார். பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் கரடுமுரடான, வெளிச்சம் தெறிக்கும் மேற்பரப்பு அவரை ஈர்த்தது. மல்யுத்தத்திலும் வேட்டையிலும் நாட்டமுள்ளவராகையால் மனித உடலின் தசையும் நரம்பும் எவ்வாறு இயங்கும் என்பதைத் தம் உடலாலேயே அறிந்தவர். 1929ஆம் ஆண்டில் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளிக்கு ஓர் இந்தியர் தலைவரானது அதுவே முதன்முறை. 1957 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அங்கே இருந்தார். கே. சி. எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் அவரிடம் பயின்றவர்கள்.

ராய் சௌத்ரியின் வாழ்விலும் முரண்பாடு உண்டு. கவர்னர்களின் உருவங்களை வடித்தவர். 1937இல் பிரிட்டிஷ் அரசின் எம். பி. ஈ. பட்டத்தைப் பெற்றவர். அதே கை, 1942 ஆகஸ்டு 11ஆம் நாள் பாட்னாவில் கொடியேற்றச் சென்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஏழு மாணவர்களின் நினைவுச் சின்னத்தையும் வடித்தது. 1956இல் அது திறக்கப்பட்டது. அதே கை வங்கப் பஞ்சத்தின் நிழல் படிந்த 'பசிக்கு இரையானோர்' என்னும் வெண்கலச் சிற்பத்தையும், குளிரிலே ஒடுங்கிய முதுமையைக் காட்டும் மற்றொரு சிற்பத்தையும் ஆக்கியது. கலைஞன் தன் காலத்தின் அதிகாரத்துக்குக் கூலி வேலை செய்து கொண்டே, தன் உள்ளத்தால் மக்களிடம் வந்து சேர்வதுண்டு. அவன் எங்கே தொடங்கினான் என்பதைக் காட்டிலும் எங்கே வந்து நின்றான் என்பதே நமக்கு முக்கியம்.

அவர் வந்து நின்ற இடம் 'உழைப்பின் வெற்றி'.

1954ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள் தில்லியில் தேசிய நவீன கலைக்கூடம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன், நேருவும் உடனிருந்தார். கலைக்கூடத்துக்கு வாய்த்த கட்டடமோ ஜெய்ப்பூர் மகாராஜாவின் மாளிகை. முதற் காப்பாளரான ஜெர்மானியக் கலை வரலாற்றறிஞர் ஹெர்மன் கோட்ஸ், தொடக்க விழாவுக்கென ஏற்பாடு செய்தது சமகாலச் சிற்பிகளின் கண்காட்சி. ராய் சௌத்ரி, ராம்கிங்கர் பைஜ், சங்கோ சௌத்ரி, தன்ராஜ் பகத் முதலானோரின் படைப்புகள் ஒரே கூரையின்கீழ் வந்தன. புதிதாக விடுதலை பெற்ற நாடு தன் கலைக்கூடத்தின் கதவைத் திறந்தபோது, முதலில் காட்டியது சிற்பத்தை; மனித உருவத்தை. அந்த மாளிகையின் புல்வெளியில் இன்றும் 'உழைப்பின் வெற்றி' நிற்கிறது. மன்னனின் தேர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் பாறை நெம்பும் கூலிகள் நிற்கிறார்கள். இதனை வெறும் அலங்காரம் என்று எவரும் கூறுவாரோ?

கலைக்கூடத்துக்குள் நுழைவோர் எண்ணிக்கை சிறிது. கடற்கரைக்குச் செல்வோரோ எண்ணிலடங்காதவர். 1959ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், குடியரசு நாளுக்கு முந்திய தினத்தன்று, சென்னை மெரினாவின் வடமுனையில் அதே கருத்தில் வார்க்கப்பட்ட வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயர் உழைப்பாளர் சிலை. 1923ஆம் ஆண்டில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் செங்கொடி ஏற்றியது இதே சென்னைக் கடற்கரையில்தான். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அக்கடற்கரை மணலுக்குத் தன் சின்னம் கிடைத்தது.

சிலையின் அமைப்பை நாம் சற்று நின்று நோக்குவோம். நால்வர். இடையில் ஒரு துணியன்றி வேறு உடையில்லை. பெரும் பாறையொன்றை நெம்பி நகர்த்துகின்றனர். கால்கள் நிலத்தை உதைத்து ஊன்ற, முதுகுகள் வளைய, கைகளின் நரம்பு புடைக்க, நால்வரின் பலமும் ஒரே திசையில் ஒரே கணத்தில் குவிகிறது. பாறை இன்னும் முற்றாகப் பெயரவில்லை; பெயரப் போகிறது. அந்தப் பெயரும் கணமே சிலையின் உயிர். ஒருவனை எடுத்துவிட்டால் மற்ற மூவராலும் இயலாது என்பது பார்த்த அளவிலே புரிகிறது. தொழிற்சங்கம் என்றால் என்ன என்று விளக்க இதைவிடச் சிறந்த பாடப்படம் உண்டோ என நாம் கேட்கத் துணிகிறோம். மாதிரியாக நின்றவர்களுள் கலைப் பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் இருந்தனர் என்று கூறுவர். கிரேக்கத் தெய்வத்தின் உடல் அன்று அது; சோற்றுக்கும் வேலைக்கும் நடுவே வளர்ந்த நம்மூர் உடல்.

இவ்வகைச் சிலை பிறக்கும் வழியும் நாம் அறியத் தக்கது. முதலில் இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டம் கட்டுவர். அதன்மேல் களிமண்ணை உருண்டை உருண்டையாக அப்பி, தசையும் முகமும் எழும்படி பிசைவர். பின் அதன்மேற் சாந்து பூசி அச்செடுத்து, அந்த அச்சைக் கொண்டு உருக்கிய உலோகத்தை வார்ப்பர். கலைஞன் ஒருவனின் பெயர் அடியிற் பொறிக்கப்பட்டாலும், அச்செடுத்தவர், உலையூதியவர், உலோகத்தை ஊற்றியவர், ராவித் தேய்த்தவர் எனப் பலர் உழைத்துத்தான் அது எழுகிறது. உழைப்பின் சிலையும் கூட்டுழைப்பின் பயனே.

*

உலக அரங்கிலும் இதற்கு வரலாறு உண்டு. பெல்ஜியம் நாட்டுச் சுரங்கங்களையும் இரும்பாலைகளையும் கண்டு மனம் அதிர்ந்த கொன்ஸ்தாந்தின் மெனியே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுமைதூக்கியையும் சம்மட்டிக்காரனையும் வெண்கலத்தில் வடித்தார். அவர் 1905இல் மறைந்தார். அவர் கனவு கண்ட உழைப்பின் நினைவுச் சின்னம் 1930இல்தான் பிரஸ்ஸல்ஸ் நகரில் எழுந்தது. 1937ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் சோவியத் மண்டபத்தின் உச்சியில் வேரா முகினா என்னும் பெண் சிற்பி நிறுத்திய ஆலைத் தொழிலாளியும் கூட்டுப்பண்ணைப் பெண்ணும், சம்மட்டியையும் அரிவாளையும் உயர்த்தி ஒருவரோடொருவர் அடிபெயர்த்து நின்றனர். அங்கே ஆணும் பெண்ணும் சமமான உயரம்.

இவ்விடத்தில் மெரினாச் சிலையைப் பற்றி நமக்கு எழும் குறையைக் கூறாதிருத்தல் முறையன்று. உழைப்பாளர் சிலையிலே நால்வரும் ஆண்கள். நாற்று நட்டவள் எங்கே? சித்தாளாய்ச் செங்கல் சுமந்தவள் எங்கே? உழைப்பு என்றால் பாறையை நெம்பும் பெரும் பலம் என்று மட்டும் காட்டிவிட்டால், நாளொன்றுக்கு ஆயிரமாயிரம் முறை விரல் நுனியாற் கிள்ளும் உழைப்பு உழைப்பாகத் தோன்றாது போய்விடும். இது சிற்பியின் குறை மட்டும் அன்று. அவர் காலத்துச் சமுதாயத்தின் குறை. உழைக்கும் வர்க்கம் என்று சொல்லும் போதெல்லாம் மீசை முறுக்கிய ஆணையே மனத்திற் காணும் பழக்கம் நம் இயக்கங்களிலும் இருந்தது, இருக்கிறது.

இக்குறையை நிரப்பும் மற்றொரு படைப்பைச் சாந்திநிகேதனில் காண்கிறோம். பாங்குரா மாவட்டத்தில் எளிய குடும்பத்திற் பிறந்த ராம்கிங்கர் பைஜ், 1938இல் அங்கே 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பத்தை எழுப்பினார். வெண்கலம் வாங்கப் பணம் எங்கே? கம்பிச் சட்டத்தின் மேல் சிமெந்தையும் அவ்வூர்ச் செம்பாறைச் சரளையையும் கலந்து அப்பினார். மண்ணின் நிறமே சிற்பத்தின் நிறமாயிற்று. சந்தால் பழங்குடி ஆணும் பெண்ணும் தங்கள் பிள்ளைகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் நடக்கின்றனர். நாயொன்று உடன் வருகிறது. எங்கே போகிறார்கள்? வேலை தேடிப் போகிறார்கள். 1956இல் அவர் ஆக்கிய 'ஆலைச் சங்கு' என்னும் சிற்பத்தில், சங்கொலி கேட்டு இரு பெண்கள் காற்றிலே சேலை பறக்க ஓடுகின்றனர். ஈரத் துணியை ஓடிக்கொண்டே உலர்த்தும் அவசரம் அதில் இருக்கிறது.

சந்தால் மக்களுள் பல்லாயிரவர் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்கட்டி அனுப்பப்பட்டவர்கள் என்பதை நினைக்கும் போது, நடந்து செல்லும் அந்தக் குடும்பம் நமக்கு அந்நியமானதன்று என்பது விளங்கும். இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தலையில் மூட்டையும் இடுப்பிற் குழந்தையுமாய்க் கங்காணியின் பின்னே நடந்து, கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே வந்த நம் பாட்டன் பாட்டியரின் குடும்பமும் அவ்வாறே நடந்தது. வழியிலே வாந்திபேதியால் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். சாந்திநிகேதனிலே அவர்களுக்குச் சிலை நிற்கிறது என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் மாத்தளைப் பாதையில்?

*

நாம் மீண்டும் மலைநாட்டுக்கு வருவோம். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியில், லிப்டன் ஆசனம் என்னும் இடத்தில், தாமஸ் லிப்டன் ஆளுயர உருவத்தில் அமர்ந்திருக்கிறார். உல்லாசப் பயணிகள் அவர் பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக் கொள்கின்றனர். உயிருள்ளவர் போலவே இருக்கிறார். கையில் தேநீர்க் கோப்பை. அக்கோப்பையில் இருக்கும் தேநீருக்குக் கொழுந்து கொய்தவள் மட்டும் அங்கே இல்லை. அவள் கீழே மலையில் நிரை பிடித்து நிற்கிறாள்.

அவளுக்கு உருவமே இல்லையா? உண்டு, மிகுதியாகவே உண்டு. தேயிலைப் பொதியின் மேல் சிரிக்கிறாள், சுவரொட்டியில் சிரிக்கிறாள், கடைகளில் மரப்பொம்மையாக விற்கப்படுகிறாள். அங்கெல்லாம் கூடை முதுகிலே பூப்போல் இருக்கிறது. மெய்யாகவோ, கூடையின் கயிறு உச்சந்தலையை அறுக்கிறது. இடுப்பிற் கட்டிய படங்கு மழையில் நனைந்து கனக்கிறது. காலில் அட்டை கடிக்கிறது. குறித்த றாத்தல் நிறையாவிடில் 'அரைப் பேர்' என்ற அச்சம் விரல்களை விரட்டுகிறது. பொதியின் மேலுள்ள படம் பொய் சொல்லவில்லை, அழகாக இருக்கிறது என்பர் சிலர். அழகு, உண்மையின் பாதியை மறைத்தால் அது பொய்தான். உயிரோட்டம் என்பது கண்ணிமையையும் நகத்தையும் நுணுகிச் செய்துவிடுவதால் வருவதன்று. சுமையின் எடை உடலில் எங்கே விழுகிறது என்பதைச் சொல்வதால் வருவது. மாமல்லபுரத்துச் சிற்பி அதை அறிந்திருந்தான். தேயிலை விளம்பரக்காரன் அறியான், அல்லது அறிய விரும்பான்.

தோட்டத்து மக்கள் தாங்களே படைத்த உருவங்கள் இல்லாமலில்லை. கொட்டியாகலையிலும் காம்பியனிலும், மலைநாட்டின் எந்தத் தோட்டத்திலும், மாரியம்மன் கோயிலுக்கு அப்பால் ஒரு மரத்தடியிலோ பாறையடியிலோ நட்ட கல்லும் சூலமும் காணலாம். தேயிலை ஆலையின் சக்கரத்தைக் காக்கும் தெய்வத்துக்கு ரோதைமுனி என்று பெயர். கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி. கூரிய கத்தியும் சுழலும் சக்கரமும் எத்தனை விரல்களையும் கைகளையும் பறித்திருந்தால் அவற்றுக்கென ஒரு தெய்வத்தை மக்கள் படைத்திருப்பர்! இது மூட நம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தக் கல், தொழிலாளியின் அச்சத்தையும் வேண்டுதலையும் சுமக்கும் கல். மாசி மாதத்துக் காமன் கூத்திலும், உயர நட்ட தபசு மரத்தில் ஏறும் அர்ச்சுனன் தபசிலும், மக்கள் தங்கள் உடலையே சிலையாக்கி நிறுத்திக் காட்டினர். மாமல்லையிற் பாறையில் நின்ற அர்ச்சுனன், இங்கே லயத்து வாசலில் பெரட்டுக்குப் போய்வந்த ஒருவன் உடலில் உயிர் பெற்றான்.

எனினும், போராடி மாண்டவர்களுக்கு அவர்தம் தகுதிக்கேற்ற சிலை எங்கே? 1940ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் குண்டுக்கு இரையான கோவிந்தன். 1977 மே மாதம் 11ஆம் நாள், தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் சுடப்பட்டு வீழ்ந்த சிவனு லெட்சுமணன்: இவர்கள் நடுகல்லுக்கு உரியவர்கள் அல்லரோ? ஆநிரை மீட்டவனுக்குக் கல் நட்ட மரபு, நிலத்தைக் காத்தவனுக்கு என்ன செய்தது?

*

வரலாறு இன்னொரு கொடிய முரண்பாட்டையும் நமக்கு வைத்திருக்கிறது. மெரினாவில் உழைப்பாளர் சிலை எழுந்து ஆறாண்டுகள் நிறையவில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரு அரசுகளும் உடன்பட்டன. மக்களை ஒருவரும் கேட்கவில்லை. சந்தையில் ஆடு மாடுகளைப் பங்கிடுவோரும் இவ்வளவு எளிதாகப் பங்கிடுவதில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல்கள் சென்றன. இலட்சக்கணக்கானோர் அழுதுகொண்டே ஏறினர், மண்டபத்தில் இறங்கினர். அவர்களுட் பலர் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலையே பறித்தனர்.

உழைப்பின் வெற்றியைக் கொண்டாடும் சிலை ஒரு கரையில் நிற்க, உழைத்தோர் தோல்வியுற்ற முகத்தோடு அதே தமிழகக் கரையில் வேறோரிடத்தில் வந்து இறங்கினர். சிலை பொய்யா? இல்லை. வெற்றி சிலையிலே முடிந்துவிடுவதில்லை என்பதுதான் இதன் பாடம். அந்த வெண்கலப் பாறை இன்னும் பெயர்ந்து விழவில்லை. நால்வரும் இன்னும் நெம்பிக் கொண்டே இருக்கிறார்கள். இலங்கையிலே எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவாறு தீர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் ஒரே நாட்கூலி என்பது 1984இல்தான் வந்தது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை பல ஆண்டுகள் முழங்கிய பின்னரே 2021இல் சம்பளச் சபை வழியாக ஏற்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஒரு பாறை. ஒவ்வொன்றையும் பலர் சேர்ந்தே நெம்பினர்.

*

நம்பிக்கைக்கு இடமில்லாமலில்லை. கம்பளைப் பகுதியில் ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயக் காம்பராக்களையே 2007ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கினர். அங்கே வெண்கலம் இல்லை. கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, பழைய பற்றுச்சீட்டு, அம்மி, உலக்கை முதலிய புழங்கு பொருள்களே வரலாறு பேசுகின்றன. காம்பராவின் தாழ்ந்த கூரையின் கீழ்க் குனிந்து நுழைகையில், பார்ப்பவனின் முதுகே சிற்பமாகி விடுகிறது. 2023இல், மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்டில் மாத்தளையை அடைந்த நடைபயணமும் ஒரு சிற்பமே. நடந்த உடல்களால், முன்னோர் நடந்த அதே திசையில் வடிக்கப்பட்டது. இன்று மலையகத்துப் பிள்ளைகள் சிலர் கலைக் கல்வி பெற்று, தேயிலைச் சாயத்தையும் தேயிலை வடியையும் கொண்டே தம் தாய்மாரின் கதையைக் காட்சியாக்குகின்றனர். பிறர் எடுத்த உருவமாக இருந்தவர்கள், தாமே உருவமாக்குவோராக மாறுகின்றனர். இதுவே நாம் காத்திருந்த மாற்றம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! நம் பள்ளிகளில் சித்திரப் பாடவேளைக்கு மாம்பழமும் பூச்சாடியும் போதும் என்று நாம் எண்ணியிருந்தது போதும். மழைக்காலத்தில் தோட்டப் பாதையெங்கும் குழைந்து கிடக்கும் மண் பணம் கொடாமல் கிடைப்பது. அதை ஒரு பிள்ளையின் கையிற் கொடுத்து, உன் அம்மா மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது எவ்வாறு நடந்து வருகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். அவள் தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், கை எங்கே ஊன்றியிருக்கும் என்பதை எந்தக் கலைப் பள்ளியும் அப்பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் நாம் கற்பிக்க வேண்டும்: செய்து முடித்த பின், உருவத்தின் அடியில் அம்மாவின் பெயரை எழுத வேண்டும்.

பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் கமரன் தம்பதியரின் கல்லறை பேணப்பட்டு நிற்கிறது. அதில் நமக்குப் பொறாமை இல்லை. அந்த அம்மையாரின் கலையை நாம் மதிக்கிறோம். அதே மலையில், தோட்டத்தின் ஓரத்துப் புதைமேட்டில், கல்லும் பெயரும் இன்றிக் கிடப்போர் எத்தனையோ தலைமுறையினர். அவர்கள் முதுகின் மேல்தான் இம்மலைகள் பச்சை பூண்டன. அவர்களுக்கான சிலை எழும் நாளில், அதில் ஆண் மட்டும் நிற்கலாகாது. பாறை மட்டும் இருக்கலாகாது. கூடையும் இருக்க வேண்டும்; கூடையைச் சுமப்பவள் நிமிர்ந்து நிற்க வேண்டும்; அவள் பெயர் அந்தப் பீடத்தில் இருக்க வேண்டும்.